கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கார்

ஜனவரி 6, செவ்வாய்

உறுதியானது: இறுதிச் சுற்று பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, காளப்பட்டி மைதானத்தில். சொன்னவர் ரிமோட் கார் கிளப் செயலாளர் ஜாபர், காலையில், தொலைபேசியில். சிறந்த பெயின்ட்டுக்கான பரிசு இந்த ஆண்டும் உண்டாம். “நாலாவது வருசமும் உங்களுக்குத்தான் சார்” என்றார். அது செய்தி அல்ல, கருத்து. இருந்தாலும் குறித்துக்கொள்கிறேன்.

பிற்பகல் ஷெரின் வந்தார். கோவை ராமநாதபுரத்தில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் கார் பந்தயம் ஓட்டுகிறார். பெயின்ட் அடிக்க இரண்டு புதிய பாடி கொண்டுவந்தார். பாடி என்பது காரின் மேல்கூடு. கண்ணாடி போல நிறமில்லாத பாலிகார்பனேட். ஒன்றரை அடி நீளம் இருந்தும் ஒரு தோசைக்கரண்டியின் கனம்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் நிருபராக இருந்தவன், அதில் பாதி குற்றச் செய்தி. இப்போது என் வீட்டில் “பாடி வந்தாச்சுங்க” என்று மனைவி வாணி குரல் கொடுக்கும்போது எதிர்வீட்டுக்காரர் இன்னும் எட்டிப் பார்க்கிறார்.

ஷெரினின் தேவை தெளிவானது. நவம்பரில் ஓசூர் சுற்றில் அவருடைய காரும் நீலம், ரகுநந்தன் என்பவருடைய காரும் நீலம். ஓட்டுநர்கள் மேடையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டுவார்கள். கார் தூரத்து வளைவில் இருக்கும்போது நிறம் ஒன்றுதான் அடையாளம். இரண்டும் குறுக்கே ஓடிய ஒரு நொடியில் ஷெரினின் கண் ரகுநந்தன் காருக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துத் திருப்பினார். இவருடைய கார் சுவரில் மோதியது. அந்த ஒரு நொடியில் தொடரின் முதலிடம் போயிற்று. இறுதிச் சுற்றில் மீட்க வாய்ப்பு இருக்கிறது.

“மைதானத்துலயே இல்லாத கலர் வேணும் சார். நல்ல கத்திரிப்பூ கலர். ஒரு பாடி போதும், இன்னொண்ணு கையிருப்பு. அதுக்கு மேல இந்த மாடல் கிடைக்காது.”

கத்திரிப்பூ என்று சொல்லும்போது அவர் பார்வை காபி கொண்டுவந்த வாணியின் சேலை மேல் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. வாணி கட்டியிருந்தது தீபாவளிக்கு எடுத்த காப்பிக்கொட்டை நிறச் சேலை. அது அவளுக்கு எடுப்பாக இல்லை என்று அப்போதே சொன்னேன்.

ஜனவரி 9, வெள்ளி

பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் உள்பக்கம் கழுவிக் காயவைத்தேன். விரல் ரேகை ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

தெரியாதவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஏன் உள்பக்கம் என்பது. வெளியே அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்துவிடும். உள்ளே அடித்தால் பாலிகார்பனேட்டே அதற்குக் கவசம். ஆனால் வரிசை தலைகீழ். சுவரில் கடைசியாக அடிப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். இதில் முதலில் அடிப்பதுதான் முகப்பு. அதன் பின்னால் வருவதெல்லாம் அதற்குத் துணை. முதல் பூச்சு தவறினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. வெளிப்பக்கம் ஒரு மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கும். அதைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும்.

மாலை, பெயின்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் ரப்பர் திரவத்தை உள்பக்கம் முழுவதும் தடவிக் காயவைத்து, பிளேடால் கோடுகளை வெட்டினேன். பிளேடு ரப்பரை மட்டும் வெட்ட வேண்டும், பாலிகார்பனேட்டைக் கீறக் கூடாது. ஒரு கீறலும் இல்லை. அறுபத்திரண்டு வயதில் இந்தக் கை இந்த வேலையைச் செய்கிறது என்பதை எழுதிவைப்பதில் தவறில்லை.

ஜனவரி 10, சனி

பெயின்ட் அடித்தேன். வயலட் குப்பி புதியது. ஆனால் கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டது. திறந்தால் செம்மண் கரைத்தது போல இருக்கிறது. நீலம் கலந்து சரிசெய்தேன். அதுவும் போதவில்லை, மேலும் கலந்தேன். வாணி துணி காயப்போட மாடிக்கு வந்தவள் நின்று பார்த்தாள்.

“போதுமுங்க” என்றாள்.

எது போதும் என்று கேட்டேன்.

“நீலம்.”

இந்த வேலையை எட்டு வருடமாகச் செய்பவன் நான் என்று சொன்னேன். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

கத்திரிப்பூவுக்குப் பின்னால் வெள்ளை அடித்தேன், நிறம் தூக்கிக் காட்ட. பக்கவாட்டுக் கோடுகள் வெள்ளியில். பெயின்ட் எங்கும் கோடு தாண்டிக் கசியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

நாளிதழ் அச்சு இந்த ஆண்டு மோசம். எழுத்து சாம்பலாக இருக்கிறது, காகிதம் மஞ்சளடிக்கிறது. அச்சகத்தில் பழைய நண்பர் சௌந்தரபாண்டியனை அழைத்துக் கண்டித்தேன். அதே மை, அதே காகிதம் என்கிறார். பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் மறுப்பார்கள்.

அவிநாசி சாலையில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். இப்படிப்பட்ட விளக்குகளுக்கு எப்படி அனுமதி கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். இப்போதைக்கு மாலையில் ஸ்கூட்டர் எடுப்பதில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பாடியை, அந்தக் கையிருப்போடு சேர்த்து, ஷெரினிடம் கொடுத்தேன். சன்னலருகே எடுத்துப்போய் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோடெல்லாம் பிரமாதம் சார்” என்றார். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லாதபடி அமைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வேலை இல்லை. கண் பரிசோதனைக்கு வரும் செவ்வாய் தன்னுடன் வரச் சொல்கிறாள் வாணி. அவள் கண்ணாடி மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வருகிறேன் என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காளப்பட்டியில் பயிற்சி ஓட்டம். ஷெரினின் கார், என் பாடி. அதன் கூரை மேல் ஆரஞ்சு டேப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருந்தது.

என் வேலையின் மேல் டேப் ஒட்டிய யாரையும் இதுவரை நான் பார்த்ததில்லை. ஜாபரிடம் கேட்டேன். “சும்மா சார், பயிற்சிக்குத்தானே” என்று ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பழுதில்லாத பேட்டரி.

ஷெரினிடமே கேட்டேன். அவர் பல் டாக்டர். வலிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவர்.

“சார், மேடையிலிருந்து பாத்தா ரகுநந்தன் காரும் இதுவும் ஒண்ணாத் தெரியுது. காலையில ரெண்டு தடவை மாத்திப் பாத்துட்டேன்.”

“அது நீலம். இது கத்திரிப்பூ.”

“இதுவும் நீலம் சார்” என்றார். காரைத் தூக்கித் துடைத்தபடி, “நல்ல நீலம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெயிலில் நிறம் மாறித் தெரியும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். டேப்பை எடுக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

ஒருவர் சொன்னால் தகவல். ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்னால் செய்தி. பயிற்சி நிருபர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஷெரின் ஒருவர். வாணியைக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டார் சாட்சியம் செல்லாது.

சக்கரத்துக்காக வெட்டி எடுத்த பாடித் துண்டு ஒன்று கிடந்தது. அதே பூச்சு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பதிலை வாயில் திணிக்காமல் கேட்பது முக்கியம். “இது கத்திரிப்பூதானே” என்று கேட்கக் கூடாது. “இது என்ன நிறம்” என்றுதான் கேட்க வேண்டும்.

ஆட்டோ நிறுத்தத்தில் பழனிவேல்: “புளூ சார். எதுக்குங்க, வண்டிக்கா?”

பேக்கரியில் காசாளர், பெயர் கேட்கவில்லை: நீலம்.

பிள்ளையார் கோயில் எதிரே பூ விற்கும் மாராத்தாள், துண்டை வாங்கித் தன் கூடையில் டிசம்பர் பூச்சரத்தின் மேல் வைத்தார். “நீலமுங்கண்ணா. கத்திரிப்பூன்னா இதாட்டம் இருக்கோணும். பாருங்க, அது எங்க, இது எங்க” என்றார். கேட்காததையும் சொன்ன சாட்சி.

பார்த்தேன். டிசம்பர் பூ எனக்குக் காய்ந்த சரம் போலப் பழுப்பாகத் தெரிந்தது. அது வாடிய பூவா என்று கேட்டேன். காலையில் பறித்தது என்று கோபித்துக்கொண்டார். கோபம் தீர ஒரு முழம் வாங்க வேண்டியதாயிற்று.

உறுதியானது: நீலம். ஆதாரம்: மேற்படி மூவர்.

பூவை வாணி தலையில் வைத்துக்கொண்டாள். காய்ந்த பூ என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கண் மருத்துவமனை. டோக்கன் என் பெயரில் இருந்தது. வாணி சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போது பதிவு செய்தாய் என்று கேட்டேன்.

“அக்டோபர்லங்க. சேலையைக் காப்பிக்கொட்டைன்னு சொன்னீங்களே, அதுக்கடுத்த வாரம். தேதியை முன்னால கொண்டுவரத்தான் முடியலை.”

டாக்டர் இளம்பெண், பேச்சில் சிக்கனம். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிய நிலை. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகும். நீலமும் ஊதாவும் முழுதாக உள்ளே வராது. ஊதா பழுப்பாகத் தெரியும், வெள்ளை மஞ்சளாக. விளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமே என்று அவராகவே கேட்டார். தெரியும் என்றேன். சௌந்தரபாண்டியனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இடது கண் அறுவை 29ஆம் தேதி. வலது கண் அதன் பிறகு. சிகிச்சைக்குப் பின் ஒரு மாதம் ஸ்பிரே வேலை கூடாது.

பந்தயம் 8ஆம் தேதி. கணக்கு போட்டுப் பார்த்தேன். அறுவைக்கு முன் அடித்தால் நிறம் தெரியாது. அறுவைக்குப் பின் அடிக்க அனுமதியில்லை.

ஜனவரி 22, வியாழன்

ஷெரினை அழைத்துச் சொன்னேன், எதையும் மழுப்பாமல். டேப்புடனே ஓட்டிக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார். கையிருப்புப் பாடியைக் கொடுத்தனுப்புங்கள் என்றேன். ஒன்றுதான் இருக்கிறது சார், அதுவும் போனால் பந்தயத்துக்கு எனக்கு வழியில்லை என்றார். தெரியும், அனுப்புங்கள் என்றேன்.

மாலையில் வந்துவிட்டது. பரிசுக்காக இல்லை. என் பூச்சுக்குமேல் ஆரஞ்சு டேப்போடு ஒரு கார் இறுதிச் சுற்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஜனவரி 24, சனி

கழுவினேன், ரப்பர் தடவினேன், வெட்டினேன். வெட்டுவதற்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். இம்முறையும் ஒரு கீறல் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

காலை மாடியில் இரண்டு நாற்காலி போட்டேன். இதுவரை ஒன்றுதான். வாணி முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கலக்கும் குப்பியை அவளிடம் கொடுத்து, நான் ஒவ்வொரு சொட்டாக விட, எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். சிவப்பு அதிகம், நீலம் குறைவு என்பது போல அவள் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவளோ சேலைக் கடையில் நிற்பவள் போல ஆரம்பித்தாள்.

முதலில் அரக்கு என்றாள். நீலம் விட்டேன். திராட்சை. இன்னும் விட்டேன். “இது ராத்திரி கட்டினா நல்லாருக்கும், பகல்ல ஆகாது” என்றாள். அது பெயின்ட்டுக்கு உதவாத தகவல் என்றேன். இளஞ்சிவப்பு கொஞ்சம் விடச் சொன்னாள், விட்டேன். குப்பியைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள்.

“நிறுத்துங்க. இதுதானுங்க.”

“உறுதியா?”

“மாராத்தாகிட்ட வேணா கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க.”

எனக்கு அது கருப்பட்டிப் பாகு போலத் தெரிந்தது. நீலக் குப்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போனதை வாணி பார்த்தாள்; குப்பியை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணால் பார்க்காத விபத்தை, பார்த்தவர் சொன்னதை வைத்து எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சொல்பவர் நம்பகமானவரா என்பது மட்டும்தான் அப்போது கேள்வி. இதைச் சொன்னேன்.

“முப்பத்தொரு வருசமா நான் சொன்னது எதுவும் உங்களுக்குச் செய்தியில்லீங்களே. இன்னிக்கு மட்டும் எப்படி?” என்றாள்.

அடிக்கத் தொடங்கினேன். மெல்லிய பூச்சு, உலர்த்தி, மறுபடி மெல்லிய பூச்சு. எங்கே அடர்த்தி குறைகிறது என்று அவள் சொன்னாள், அங்கே போனேன். பிறகு ஓரம் முழுக்க வெள்ளி. அதன் பின்னால் வெள்ளை. வெள்ளையை மட்டும் அவளைக் கேட்காமல் அடித்தேன். மஞ்சளாகத் தெரிந்தாலும் குப்பியின் மூடியில் அவள் ரப்பர் வளையம் மாட்டியிருந்தாள். தடவிப் பார்த்தால் எல்லா மூடியிலும் இருக்கிறது. வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு இரண்டு. எப்போது மாட்டினாள் என்று கேட்கவில்லை. ரப்பர் கொஞ்சம் பழையது.

ரப்பர் திரவப் படலத்தை உரித்தேன். கோடுகள் ஊசி போல நின்றன. இதை விரல் சொல்கிறது, வாணியும் சொல்கிறாள். இரண்டு ஆதாரம்.

வெளிப் பிலிமை உரிக்கவில்லை.

நிறம்: கத்திரிப்பூ. ஆதாரம்: கோகிலவாணி.

ஜனவரி 27, செவ்வாய்

பாடியைக் கொடுத்தேன். ஷெரின் உறையிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு வாணியைப் பார்த்துச் சிரித்தார். பிலிமைப் பந்தய நாள் காலையில் நான்தான் உரிப்பேன், அதுவரை கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். சம்மதித்தார்.

ஜனவரி 29, வியாழன்

இடது கண். முடிந்தது. வாணி எழுதுகிறேன். இவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டுமாம். “சிகிச்சை திருப்தி” என்று எழுதச் சொன்னார். உள்ளே போகும்போது என் கையை விடவில்லை என்று எழுதட்டுமா என்றேன், அது செய்தி இல்லை என்கிறார்.

ஜனவரி 30, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். மருத்துவமனைச் சுவர் வெள்ளை. என் வேட்டி வெள்ளை. இவ்வளவு வெள்ளை இருக்கும் என்று நினைக்கவில்லை.

வாணி அந்தத் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். திரும்பவும் வலதை மூடினேன்.

திருத்தம்: ஜனவரி 6 குறிப்பில் காப்பிக்கொட்டை நிறம் என்று எழுதியது தவறு. கத்திரிப்பூ என்று வாசிக்கவும். எடுப்பாக இல்லை என்றதையும் திரும்பப் பெறுகிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொட்டு மருந்து. ஓய்வு. சௌந்தரபாண்டியனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார், வேண்டிய அளவுக்கு மேல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காளப்பட்டி மைதானத்தில், கறுப்புக் கண்ணாடியோடு, நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை சோதனைக்கு முன் ஷெரின் காரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிலிமின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, பின்னாலிருந்து முன்னாக ஒரே இழுப்பில் உரித்தேன். எட்டு வருடமாகச் செய்கிற வேலை. இன்று உரித்த பிலிமைக் கீழே போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். மாராத்தாளின் கூடையில் இருந்த டிசம்பர் பூ. வெள்ளிக் கோடு அதன் ஓரத்தில் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ஓடியது. நான் அடித்தவற்றில் இதுதான் சிறந்தது. கருத்து அல்ல, செய்தி.

பெயின்ட் பரிசுக்குப் பதிவு செய்ய ஜாபர் பெயர் கேட்டார். தேவசிகாமணி, கோகிலவாணி என்றேன். ரெண்டு பேரா சார் என்றார். ரெண்டு பேர், வாணி பெயர் முதலில் என்று திருத்தினேன். என் செய்திக்கு மேல் இன்னொருவர் பெயரோடு சேர்ந்து என் பெயர் வந்ததே இல்லை. அப்படி வந்தால் சண்டை போட்டிருக்கிறேன்.

இறுதி ஓட்டம் மூன்று மணிக்கு. டேப் இல்லை. தூரத்து வளைவில் ரகுநந்தனின் நீலமும் ஷெரினின் கத்திரிப்பூவும் இரண்டு முறை குறுக்கே ஓடின. இரண்டு முறையும் ஷெரின் தன் காரைத் தவறவிடவில்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து நானும் தவறவிடவில்லை. கடைசிச் சுற்றில் அவர் முந்தினார்; முதலிடம். ஆதாரம்: அறிவிப்புப் பலகை, என் இடது கண்.

மேடையிலிருந்து இறங்கிய ஷெரின் நேரே வாணியிடம்தான் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வாணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே சேலைதான். நான் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளையும் அப்படியே பார்த்திருக்கிறேன் போல.

“எந்தக் கண்ணுலங்க நான் நல்லாருக்கேன்?” என்றாள்.

ஒரு பக்கத்துச் சாட்சியத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றேன்.

நிலுவையில் உள்ளவை: பெயின்ட் பரிசு, ஜாபர் சொன்னபடி ஐந்து மணிக்கு. வாணியின் கேள்விக்குப் பதில், வலது கண் அறுவைக்குப் பிறகு; பிப்ரவரி 26, வியாழன். கட்டுப் பிரிப்பது மறுநாள் காலை. அன்றும் இதே சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.